85 செ.மீ. உயரத்திலிருந்து ஒரு கடல்

இரண்டு வயதுக் குழந்தை நிமிர்ந்து நின்றால் உயரம் 85 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். எடை பன்னிரண்டு கிலோ முன்பின். அப்பாவின் முழங்காலை நனைத்துவிட்டுப் போகும் அலை அந்தக் குழந்தைக்கு இடுப்புக்கு மேல் வந்துவிடும். பெரியவர்கள் பத்தே நிமிடத்தில் கடந்துவிடும் மணல்வெளி அதற்கு அரை மணி நேர நடை. வழியில் கிடக்கும் ஒவ்வொரு சங்குத் துண்டையும் நின்று பார்த்தாக வேண்டுமே!

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் யாராவது ஒருவர், "கடலுக்குப் போயிட்டு வரலாமா?" என்று கேட்டதும் கிளம்பிவிடும் குடும்பங்கள் மனத்தில் வைக்க வேண்டியது இந்த 85 சென்டிமீட்டரைத்தான். தமிழ்நாட்டின் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளுகிறது. சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி எனக் கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு இதைவிடச் செலவு குறைந்த சுற்றுலா கிடையாது. நுழைவுச்சீட்டு வேண்டாம், முன்பதிவு வேண்டாம், விடுப்பும் வேண்டாம். நேரம், இடம், தூரம் மூன்றையும் குழந்தையின் அளவுக்கு வெட்டிக்கொண்டால், திட்டமில்லாமல் கிளம்பிய பயணமும் நன்றாகவே முடியும்.

எப்போது கிளம்புவது?

ஒன்று முதல் இரண்டு வயதுள்ள குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடற்கரைக்குப் போன குடும்பங்களில் "ஏன் இப்படி அழுகிறது?" என்ற கேள்வி எழும்போது, பெரும்பாலும் அது குழந்தை தூங்கியிருக்க வேண்டிய நேரமாக இருக்கும். அந்தப் பகல் தூக்கத்துக்கு முன்பாகவோ பின்பாகவோ வருகிற இரண்டு மூன்று மணி நேரம்தான் பயணத்துக்கு உரியது. முழு நாளையும் கடலில் கழிக்க ஆசைப்படுவது பெரியவர்கள் மட்டும்தான்.

கிழக்குக் கடற்கரைக்கு விடியல் ஒரு வரம். சென்னையில் மே மாதக் கடைசியில் ஏறத்தாழ 5.40 மணிக்கும் ஜனவரியில் 6.35 மணிக்கும் சூரியன் எழுகிறது. குழந்தைகள் எப்படியும் அதிகாலையில் விழித்துவிடுவார்கள். ஆறு மணிக்கு மணலில் கால் வைத்து எட்டரைக்குள் வீடு திரும்பினால் வெயிலும் இல்லை, கூட்டமும் இல்லை.

மாலையில் போவதானால் நாலரைக்கு மேல் நல்லது. வங்கக் கடலோரத்தில் சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்குவதால் கண் கூசாது. கோடையில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது. அதன்மேல் உள்ள காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. சென்னையில் இந்தக் கடற்காற்று வழக்கமாக நண்பகலையொட்டித் தொடங்கும். மேற்கிலிருந்து அனல்காற்று பலமாக வீசும் நாளில் தாமதமாகும். காற்று வந்தபின் வெக்கை குறைந்ததாகத் தோன்றினாலும் வெயிலின் தாக்கம் குறைவதில்லை. புற ஊதாக் கதிர்க் குறியீடு 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கோடை நண்பகலில் சென்னையில் அது 11-ஐயும் தாண்டுகிறது. பத்து மணியிலிருந்து நாலு மணிவரை சின்னக் குழந்தையை வெட்ட மணலில் விடவே கூடாது. அந்நேரத்து மணல் பிஞ்சுக் கால்களைச் சுட்டுவிடும்.

மாதங்களில் ஜனவரி முதல் மார்ச் வரை மிக இதமானவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். கடல் கொந்தளிப்பாக இருக்கும், புயலும் எழும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் சாக்கடையும் குப்பையும் ஆறுகள் வழியே கடலில் கலந்திருக்கும் என்பதால் அன்றைக்குத் தண்ணீரைத் தொடாமல் இருப்பதே நல்லது.

எங்கே போவது?

மெரினாவின் அகலத்தைப் பார்த்து வியக்காதவர் இல்லை. அந்த மணல்வெளியில் பெரும்பகுதி நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் சேர்ந்தது. வடக்கே 1870-களில் சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கியபோது, தெற்கிலிருந்து வடக்கே கடலோடு நகர்ந்துகொண்டிருந்த மணலை அதன் சுவர் தடுத்தது. மணல் தெற்கே தேங்கி மெரினா அகன்றது. மணல் கிடைக்காத ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கரை அரிக்கப்பட்டது. 1880-களில் ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் இங்கே நடைபாதை அமைத்து மெரினா என்று பெயரிட்டார்.

அதே அகலம் குழந்தையோடு வருபவர்களுக்குச் சோதனையும்கூட. தள்ளுவண்டியின் சக்கரங்கள் மணலில் புதைந்துவிடும். பன்னிரண்டு கிலோவை இடுப்பில் சுமந்தபடி அலைவரை நடக்க வேண்டியிருக்கும். பறக்கும் ரயிலில் கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்கி நடந்து வரலாம்; ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ரயிலில் கட்டணம் இல்லை. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கும் கட்டணம் கிடையாது. அம்மாவும் பாட்டியும் குழந்தையும் ஒரு ரூபாய் செலவில்லாமல் கடற்கரைக்கு வந்து போக முடிகிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

பெசன்ட் நகர் கடற்கரையில் சாலையிலிருந்து அலைவரை நடை குறைவு. ஆனால் அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரம், உடைந்த பாலம் பக்கம் குழந்தையைக் கொண்டுபோக வேண்டாம். கூவம் கலக்கும் நேப்பியர் பாலத்து முனைக்கும் இது பொருந்தும். ஆற்றுநீர் அழுக்கானது, முகத்துவாரத்தில் நீரோட்டமும் கணிக்க முடியாதது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் போனால் கோவளம். 2021-ல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை இது. டென்மார்க்கில் தலைமையகம் உள்ள சுற்றுச்சூழல் கல்வி அறக்கட்டளை, நீரின் தூய்மை, பாதுகாப்பு, வசதிகள் உள்ளிட்ட 33 அளவுகோல்களைப் பார்த்துத் தரும் சான்று. கழிப்பறை, உடை மாற்றும் அறை, நன்னீர்க் குளியல், உயிர்காப்பாளர்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதன் அருமை, மணலும் ஈரமுமாக அழும் குழந்தையைக் கையில் வைத்திருப்பவருக்குத்தான் தெரியும். அதே சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணையும் முட்டுக்காடு தட்சிணசித்ராவும் இருக்கின்றன. முன்னதற்குத் திங்கள், பின்னதற்குச் செவ்வாய் விடுமுறை. திடீரென்று கிளம்புபவர்கள் கிழமையை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னும் தெற்கே மாமல்லபுரம். அலைவாய்க் கோயிலின் புல்வெளி, குழந்தைக்கு மணலிலிருந்து ஒரு மாறுதல்.

புதுச்சேரியில் கடற்கரைச் சாலை மாலை ஆறு மணிமுதல் காலை ஏழரைவரை வண்டிகளுக்கு மூடப்படுகிறது. நடக்கப் பழகும் குழந்தையைக் கையை விட்டு ஓடவிட இப்படி ஒரு கடலோரச் சாலை தமிழ்நாட்டு நகரங்களில் அரிது. அங்கே கரையின் பெரும்பகுதி பாறாங்கல் என்பதால் நீரில் இறங்கும் பேச்சும் பெரும்பாலும் எழாது.

ராமேஸ்வரம் பக்கத்தவர்கள் வடக்கே உள்ள பாக் நீரிணைப் பகுதியைப் பெண்கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்கிறார்கள். இலங்கையின் மறைவில் இருப்பதால் பாக் கடலில் பேரலைகள் நுழைவதில்லை. ஆண்டின் பல மாதங்கள் அக்னி தீர்த்தக் கரை குளம் போல் கிடக்கும். தனுஷ்கோடி முனையில் இரண்டு கடலும் மோதும் இடத்தில் கதை வேறு. அங்கே பெரியவர்களும் இறங்கக் கூடாது.

மணலே போதும்

பெரியவர்கள் கடலைப் பார்க்க வருகிறார்கள். இரண்டு வயதுக் குழந்தைக்கு மணல்தான் முதல் ஈர்ப்பு. அலை அதற்குப் பிறகு. கையில் ஒரு டம்ளரும் ஸ்பூனும் கொடுத்தால் ஒரு மணி நேரம் ஓடிவிடும். காய்ந்த மணல் விரலிடுக்கில் வழிந்து போகும். கொஞ்சம் நீர் சேர்ந்தால் மணல் துகள்களுக்கு நடுவே மெல்லிய நீர்ப்படலம் உருவாகி அவற்றை இழுத்துப் பிடிக்கிறது, வீடு நிற்கிறது. நீர் கூடினால் அந்தப் பிடிப்பு போய் வீடு சரிகிறது. கட்டுவதும் இடிப்பதுமாகக் குழந்தை இதைத் தானே கண்டுபிடிப்பதை அருகில் உட்கார்ந்து பார்ப்பது பெற்றோருக்குக் கிடைக்கும் தனி இன்பம்.

கடற்கரையின் உயிர்களும் அந்த உயரத்துக்கு ஏற்றவை. காய்ந்த மணலில் விரல் நுழையும் அளவுக்கு இருக்கும் வளைகள் நண்டுகளுடையவை. பத்தடி தள்ளி அசையாமல் உட்கார்ந்தால் கண்களைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக வெளியே வரும். அலை பின்வாங்கும் ஈர மணலில் சின்னஞ்சிறு மட்டிகள் நொடியில் புதைந்து மறையும். காலையில் நொச்சிக்குப்பம், ஊரூர்க் குப்பம் பக்கம் போனால் படகுகள் கரை ஏறுவதையும் வலையிலிருந்து மீன் எடுப்பதையும் பார்க்கலாம். அது மீனவர்களின் வேலையிடம். கேட்டுவிட்டு ஓரமாக நிற்க வேண்டும். வலையையும் கயிற்றையும் மிதிக்கக் கூடாது.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட இந்தக் கரைக்கு வருகின்றன. சென்னையில் 1988 முதல் மாணவர்கள் நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு, இரவில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாப்பான குழிகளில் வைக்கிறது. ஏழு வாரம் முன்பின் ஆனதும் குஞ்சுகள் பொரிகின்றன. கோடை மாலைகளில் அவற்றைக் கடலில் விடும்போது பொதுமக்களும் நின்று பார்க்கிறார்கள். உள்ளங்கையளவு ஆமை ஒன்று தத்தித் தத்தித் தண்ணீருக்குப் போவதைப் பார்க்கும் குழந்தையின் முகத்தை வேறெந்தப் பொம்மையும் தந்துவிட முடியாது. செல்போன் வெளிச்சத்தை மட்டும் அணைத்துவிட வேண்டும். வெளிச்சம் குஞ்சுகளைத் திசைதிருப்பும்.

அலையோரத்தில்

பெசன்ட் நகர் மணலில் வெள்ளையாக நிற்கும் கார்ல் ஷ்மிட் நினைவிடத்தைத் தெரியாதவர்கள் குறைவு. அது எதற்கு நிற்கிறது என்று தெரிந்தவர்களும் குறைவு. 1930-ல் இதே கடலில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க்குக்காரரின் நினைவாக எழுந்தது அது. காப்பாற்றப் போனவரையே இழுத்துக்கொண்ட நீர் இது.

சென்னைக் கரையோரம் கடல் சட்டென்று ஆழமாகிறது. அலை தூரத்தில் உடைந்து தணிந்து வராமல் கரையிலேயே வந்து உடைகிறது. பின்வாங்கும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கிறது. அதோடு, கரையில் குவியும் நீர் குறுகிய வாய்க்கால்போக்கில் வேகமாகக் கடலுக்குத் திரும்பும் நீரோட்டங்களும் உண்டு. அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் துண்டு பல நேரம் அந்த நீரோட்டத்தின் வாய்தான். மெரினாவில் குளிக்கத் தடை இருப்பதற்கு இதுவே காரணம்.

காற்றே இல்லாத நாளிலும் ஆபத்து வரலாம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே இந்தியப் பெருங்கடலில் எழும் புயல்களின் அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து நம் கரையைத் திடீரென்று அறைகின்றன. கள்ளக்கடல் எனப்படும் இதற்கு ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் முன்னெச்சரிக்கை தருகிறது. 2024 மே மாதம் அப்படி எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். கோடை விடுமுறையில் குடும்பங்கள் கடலுக்குக் கிளம்பும் அதே மாதங்களில்தான் கள்ளக்கடலும் வருகிறது. கிளம்பும் முன் செய்தியில் கடல் எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

2021-ல் உலகெங்கும் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கை. சின்னக் குழந்தைக்கு உடலை ஒப்பிடத் தலை கனம். குப்புற விழுந்தால் கணுக்கால் நீரிலும் எழ முடியாமல் போகும். கத்தவும் முடியாது. மூழ்குதல் சத்தமில்லாமல் நடக்கிறது.

ஆகவே குழந்தைக்குக் கடல் என்பது அலை ஓய்ந்து படரும் ஓரத்து நுரை வரைதான். அங்கேயும் ஒரு பெரியவர் கடல் பக்கமாக நிற்க, குழந்தையின் கை அவர் கைக்குள் இருக்க வேண்டும். தாத்தா, பாட்டி, அத்தை, சித்தப்பா என்று பத்துப் பேர் வரும் குடும்பத்தில்தான் ஆபத்து கூடுதல். ஒவ்வொருவரும் இன்னொருவர் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். "இப்ப நான் பார்த்துக்கறேன்" என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும். இன்னொருவரிடம் ஒப்படைக்கும்வரை அவர் செல்போனைத் தொடக் கூடாது. காற்றடைத்த வளையத்தை நம்பிக் குழந்தையை அலையில் இறக்கவே வேண்டாம். அது மிதக்கும் பொம்மை, உயிர்காக்கும் சாதனமல்ல.

ஊதா நிறத்தில் பை போலவும் நூல் போலவும் ஒதுங்கிக் கிடக்கும் இழுது மீன்கள் கண்ணைக் கவரும். செத்த பிறகும் கொட்டும். பட்டுவிட்டால் தேய்க்காமல் கடல்நீரிலேயே கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒரு பை, ஒரு பொட்டலம்

திடீர்ப் பயணத்துக்குப் பை பெரிதாக இருக்கத் தேவையில்லை. இரண்டு செட் மாற்றுத்துணி, ஒரு துண்டு, விளிம்பு அகன்ற தொப்பி, குடை, குடிநீர், கழுவ இரண்டு லிட்டர் தனி நீர், குப்பைக்கு ஒரு பை. ஈர டயப்பரில் மணல் புகுந்தால் தொடையிடுக்கு புண்ணாகும் என்பதால் நீரைவிட்டு வந்ததும் நல்ல நீரில் கழுவி மாற்ற வேண்டும். கழற்றிய டயப்பரை மணலில் புதைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். அடுத்த குழந்தை தோண்டுவது அந்த மணலைத்தான். நாய்கள் திரியும் காய்ந்த மணலில் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் இருக்கலாம். அலை கழுவிப்போகும் ஈர மணல் ஓரளவு சுத்தம். விளையாடியதும் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்க விடக் கூடாது.

கடற்கரை என்றால் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல்தான். அது பெரியவர்களுக்கு. முழுப் பட்டாணியும் வேர்க்கடலையும் சின்னக் குழந்தையின் மூச்சுக்குழாயில் சிக்கக்கூடியவை. நாலு வயதுவரை கொட்டைப் பருப்புகளை முழுதாகத் தர வேண்டாம் என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. ஓடும்போதும் சிரிக்கும்போதும் எதையும் ஊட்டவும் கூடாது. வீட்டிலிருந்து பொடி இட்லி, வாழைப்பழம், அங்கே இளநீர். ஈ மொய்க்கும் நறுக்கிய பழத்தைத் தவிர்த்துவிட்டால் வயிற்றுக்கும் பிரச்சினை வராது.

கூட்டத்தில் குழந்தை தவறுவது கடற்கரையில் அடிக்கடி நடப்பது. காணும் பொங்கலன்று மெரினாவில் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டையைக் காவல்துறையினர் குழந்தைகளின் கையில் கட்டிவிடுகிறார்கள். மற்ற நாட்களில் அதை வீட்டிலேயே செய்யலாம். பால்பாயிண்ட் பேனாவால் முன்கையில் எண்ணை எழுதிவிட்டு, அன்றைய உடையில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் தேடுவது எளிது. சிவப்பு, ஆரஞ்சு உடை மணலிலும் நீரிலும் பளிச்சென்று தெரியும்; நீலமும் வெள்ளையும் நுரையில் கலந்து மறையும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, ஆம்புலன்ஸுக்கு 108.

கடற்கரைக்கு ஒரு கோரிக்கை

இத்தனையும் பெற்றோர் தலையில் மட்டும் விழுவது நியாயமில்லை. 2022-ல் மாற்றுத்திறனாளிகள் அலைவரை போய்வர மெரினாவில் மரப்பாதை போடப்பட்டது. அவர்களின் நீண்டகாலக் கோரிக்கைக்குக் கிடைத்த பலன் அது. கோவளத்தில் சுத்தமான கழிப்பறையும் நன்னீரும் சாத்தியமாகியிருக்கின்றன. மெரினாவின் ஒரு பகுதியை அந்தத் தரத்துக்குக் கொண்டுவரும் பணியைச் சென்னை மாநகராட்சியும் எடுத்திருக்கிறது. சிறிய ஊர்களின் கடற்கரைகளில் இன்னமும் உடை மாற்றப் புடவையைத் திரையாகப் பிடிக்கும் நிலைதான். அம்மாக்கள் பாலூட்ட ஓர் அறை, ஒரு நன்னீர்க் குழாய், நிழலுக்கு ஒரு கொட்டகை, தமிழில் பெரிதாக எழுதிய அபாய அறிவிப்பு, பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர் ஒருவர்: இந்த ஐந்தும் மக்கள் கூடும் ஒவ்வொரு கடற்கரையிலும் இருக்க வேண்டும். உள்ளூர் மீனவ இளைஞர்களை உயிர்காப்பாளர்களாக நியமித்தால் அவர்களுக்கும் வருமானம். அந்தக் கடலை அவர்களைவிட அறிந்தவர்களும் இல்லை.

அதுவரை, கரைக்குப் போனதும் பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருக்கும் மீனவரிடம், "அண்ணே, இன்னைக்குக் கடல் எப்படி இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னால் அன்றைக்கு மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குழந்தைக்கு அதில் ஒரு குறையும் இருக்காது.